கூலிக்குப் போன பாட்டனைத் தேடுவது எப்படி? உழைத்துப் பிழைத்த குடும்பங்களுக்கான முழுமையான வழிகாட்டி

ஜமீன்தார் வீட்டில் செப்பேடு இருக்கும். மிராசுதார் வீட்டில் பத்திரக் கட்டு இருக்கும். கோயிலுக்கு நிலம் எழுதி வைத்தவர் பெயர் கல்லிலேயே இருக்கும். தோட்டத்தில் கொழுந்து பறித்தவளுக்கும் மில்லில் தறி ஓட்டியவனுக்கும் என்ன இருக்கும்? "நாம கைநாட்டுக் குடும்பம், நமக்கு ஏதுடா சரித்திரம்" என்பாள் எங்கள் பாட்டி. நானும் நெடுநாள் அதை நம்பிக்கொண்டிருந்தேன்.

பாட்டி சொன்னது பாதிதான் சரி. கைநாட்டு வைத்தவர் எழுதவில்லை, ஆனால் கைநாட்டு வாங்கியவன் எழுதினான். கூலி கொடுத்தவன், முன்பணம் கொடுத்தவன், கப்பலில் ஏற்றியவன், அம்மை குத்தியவன் என்று எல்லோரும் தலையை எண்ணி நோட்டில் ஏற்றிக்கொண்டார்கள். அவர்களுக்குக் கணக்குத் தப்பக் கூடாது. ஆகவே தேடல் இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது: பாட்டன் யாருக்கு உழைத்தார், யாரிடம் கடன்பட்டார்? அது தெரிந்தால் அவர் பெயர் எந்த நோட்டில் இருக்கும் என்பதும் ஏறக்குறைய தெரிந்துவிடும்.

எங்கள் குடும்பம் திருச்சி மாவட்டத்திலிருந்து இலங்கை மலையகம் போய், மூன்று தலைமுறை கழித்து நீலகிரிக்குத் திரும்பி வந்தது. அதனால் இலங்கைப் பகுதி மட்டும் இதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் டிரங்குப் பெட்டி

எடுத்த எடுப்பில் ஆவணக் காப்பகத்துக்கு ஓடாதீர்கள். பாட்டன் பெயர், தோராயமான ஆண்டு, ஊர் ஆகிய மூன்றும் கையில் இல்லாமல் அங்கே போனால் நாள்தான் வீணாகும். இந்த மூன்றும் பெரும்பாலும் வீட்டுப் பரணில் கிடக்கும்.

பழைய பாஸ்போர்ட், ரேஷன் அட்டை, பள்ளி மாற்றுச் சான்றிதழ், சேமநிதிச் சீட்டு, தொழிற்சங்கச் சந்தா ரசீது, அடகுக் கடைச் சீட்டு எதையும் குப்பை என்று ஒதுக்க வேண்டாம். கல்யாணப் பத்திரிகையைவிடக் கருமாதிப் பத்திரிகை மேல் என்பது என் அனுபவம். கல்யாணத்தில் கோபித்துக்கொண்டு விடுபட்ட பங்காளிகூட கருமாதிப் பத்திரிகையில் ஊர்ப் பெயரோடு அச்சாகியிருப்பார். புகைப்படங்களின் பின்பக்கத்தையும் பாருங்கள். ஸ்டூடியோ முத்திரை எந்த ஊர் என்று காட்டிக்கொடுக்கும்.

இவை எல்லாவற்றையும் விட உசத்தி மொய் நோட்டு. 1960-களில் நடந்த ஒரு கல்யாணத்து மொய் நோட்டு இருந்தால், அந்தக் குடும்பத்தின் முழு உறவு வட்டமும் ஊர் வாரியாக, தொகை வாரியாக உங்கள் மடியில் இருக்கிறது. மொய்யும் ஒரு கடன்தானே, அதனால்தான் இவ்வளவு கவனமாக எழுதினார்கள். எந்த ஊரிலிருந்து அதிகம் பேர் வந்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். மறந்துபோன பூர்வீக ஊர் பல சமயம் அந்தப் பட்டியலில்தான் ஒளிந்திருக்கும். தாய்மாமன் சீர் எந்த ஊர்ப் பெயரில் எழுதப்பட்டிருக்கிறது என்பதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். பெண்வழியைப் பிடிக்க அதைவிட நல்ல கயிறு கிடையாது.

கிடைத்ததை எல்லாம் முன்னும் பின்னும் போனில் படம் எடுத்து, யார் வீட்டில் எடுத்தது என்று அன்றைக்கே எழுதி வையுங்கள். நாளைக்கு என்று தள்ளினால் எந்த அட்டை எந்தப் பெரியப்பாவுடையது என்பதே குழம்பிவிடும்.

பெரியவர்களிடம் கேட்கும் விதம்

"தாத்தாவைப் பற்றிச் சொல்லுங்க" என்றால் "நல்ல மனுஷன்" என்று ஒரே வார்த்தையில் பேச்சு முடியும். சின்னச் சின்னதாகக் கேளுங்கள். அந்த வீட்டில் அடுப்பு எந்தப் பக்கம் இருந்தது? விடிகாலையில் முதலில் எழுந்தது யார்? சம்பள நாளில் என்ன குழம்பு? யார் சாவுக்கு எந்த ஊரிலிருந்து ஆள் வந்தது? உங்கள் அம்மாவுக்குச் சீர் கொண்டுவந்தது யார்? அடுப்பு இருந்த பக்கத்தைச் சொல்ல ஆரம்பித்தவர், அரை மணி நேரத்தில் அந்த வீட்டில் எத்தனை பேர் படுத்தார்கள், யார் எப்போது செத்தார்கள் என்பது வரை வந்துவிடுவார்.

ஆண்களைவிட அத்தைமார்களிடம் கேளுங்கள். ஆண்களுக்கு வேலை, சண்டை, சங்கம் இவைதான் நினைவில் நிற்கும். யாருக்கு யார் என்ன முறை என்பது பெண்கள் மனதில் இருக்கும். அவர்கள் முருங்கைக்கீரை உருவும்போதோ புளி கொட்டை எடுக்கும்போதோ பக்கத்தில் உட்காருங்கள். கை வேலையில் இருந்தால் வாய் தானாக அவிழும். அனுமதி கேட்டுப் போனில் பதிவு செய்யுங்கள், நடுவில் திருத்தாதீர்கள். ஒப்பாரி தெரிந்தவர் என்றால் பாடச் சொல்லிக் கேளுங்கள். செத்தவர் பிறந்த ஊர், பட்ட பாடு, போன பாதை எல்லாம் அதில் வரும். வீட்டில் ஒப்பாரி வைக்கக் கூடாது என்பார்கள், வாசலுக்கு வெளியே கூட்டிப்போய்ப் பாடச் சொல்லுங்கள்.

பெயரில் இருக்கும் வில்லங்கம்

பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்தது. பாட்டன் பெயரைத் தலைப்பிள்ளைக்கு வைப்பது வழக்கம். ஆகவே தலைமுறை விட்டுத் தலைமுறை ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரும். உங்கள் தாத்தா பெருமாள், அவருடைய அப்பா ராமசாமி என்றால், அந்த ராமசாமியின் அப்பாவும் பெருமாளாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. பதிவேட்டில் தேடும்போது இந்த யூகம் கை கொடுக்கும். அதே வழக்கம் இரண்டு பேரை ஒருவராக்கிக் குழப்பவும் செய்யும், அதனால் எல்லாப் பெயரோடும் தகப்பன் பெயரைச் சேர்த்தே எழுதுங்கள்.

இன்னொரு சிக்கல், மாமனார் பெயரை மருமகள் சொல்ல மாட்டாள். பேரனுக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டு, வாய்விட்டுக் கூப்பிட முடியாமல் "பெரியவனே", "சின்னையா" என்று அழைத்திருப்பார்கள். வீட்டில் வழங்கிய பெயர் ஒன்று, தோட்டத்து வேலைப் பதிவேடான செக்ரோலில் ஏறிய பெயர் வேறு. எங்கள் வீட்டில் "வெள்ளையன்" என்றே எல்லோரும் சொன்ன ஒருவரை இரண்டு வருடம் அந்தப் பெயரில் தேடினேன். அவர் வேறு பெயரில் வேறு நோட்டில் இருந்தார். "கூப்பிட்ட பேரா, எழுதின பேரா?" என்று முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

ஆங்கிலேய எழுத்தர்களின் காது வேறு. கவுண்டர் தென்னாப்பிரிக்காவில் கவெண்டர் ஆனார், முதலி மூட்லி ஆனார், முனுசாமி மூன்சாமி ஆனார். எழுத்துக்கூட்டலை நம்பாமல் ஓசையை நம்பித் தேடுங்கள். ழ இருக்கும் இடத்தில் எல், இசட், ஆர் என்று எது வேண்டுமானாலும் இருக்கும்.

ஆண்டைப் பிடிப்பது

பிறந்த தேதி யாருக்கும் தெரியாது. ஆனால் எது நடந்தபோது பிறந்தார் என்பது தெரியும். தாது வருடப் பஞ்சம் என்று யாராவது சொன்னால் அது 1876-இல் தொடங்கி 1878 வரை நீண்ட பெரும் பஞ்சம். அந்தப் பஞ்சத்தில் ஊரை விட்டுக் கிளம்பிய குடும்பங்கள் ஏராளம். ஜெர்மன் கப்பல் எம்டன் சென்னையில் குண்டு போட்டது 1914 செப்டம்பர் 22. ஊரே காய்ச்சலில் விழுந்தது 1918. ஜப்பான்காரன் காலம் என்று மலாயாக்காரர்கள் சொல்வது 1941 டிசம்பர் முதல் 1945 வரை. தனுஷ்கோடி அழிந்தது 1964 டிசம்பர்.

தமிழ் வருடப் பெயர் சொன்னால் இன்னும் நல்லது, ஆனால் அது 60 ஆண்டுக்கு ஒரு முறை திரும்பி வரும் என்பதை மறக்கக் கூடாது. தாது 1876-இலும் வரும், 1936-இலும் வரும். விக்கிரம வருடம் பிறந்தேன் என்றால் 1940-ஐ ஒட்டியது. அரசாங்க அட்டையில் இருக்கும் பிறந்த தேதியை, அதிலும் ஜூன், ஜூலை மாதத் தேதி என்றால், அப்படியே நம்ப வேண்டாம். பள்ளியில் சேர்க்க வாத்தியார் போட்ட தேதியாக இருக்கும்.

ஊரைப் பிடிப்பது

ஊர் பெயர் மறந்தாலும் குலதெய்வம் மறக்காது. "நாங்க கும்பிடுறது இந்த சாமி, கோயில் ஆற்றங்கரையில, பக்கத்துல ஒரு பாறை" என்ற அளவுக்குத் தெரிந்தால் போதும். அந்தப் பகுதிக்குப் போய் விசாரித்தால் பங்காளிகள் கையில் தலைக்கட்டு வரி நோட்டு இருக்கும். கோயில் வரி கட்டும் ஒவ்வொரு குடும்பத் தலைவர் பெயரும் அதில் உண்டு. இந்த நோட்டுக்குத் திரும்பவும் வருவோம்.

பழைய பதிவுகளில் ஊருக்கு மேலே தாலுகாவும் ஜில்லாவும் இருக்கும். அந்த எல்லைகள் இன்றைக்கு இல்லை. வட ஆற்காடு ஜில்லா, சித்தூர் என்று எழுதியிருந்தால் அது இன்று ஆந்திராவில். 1911-இல்தான் சித்தூர் தனி மாவட்டமானது. சேலம் ஜில்லா என்றால் இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரியும் அதற்குள் அடங்கும். தஞ்சாவூர் ஜில்லாவில் இன்றைய நாகப்பட்டினமும் திருவாரூரும் சேர்ந்திருந்தன. பதிவில் இருக்கும் ஆண்டில் அந்த ஊர் எந்த ஜில்லாவில் இருந்தது என்று பார்க்காமல் பஸ் ஏறாதீர்கள்.

போகுமுன் காணியை அடகு வைத்தோ விற்றோ போனவர் என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் இருக்கலாம். கிறிஸ்தவக் குடும்பம் என்றால் பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேடும் கல்யாணப் பதிவேடும் பெரிய புதையல். கூலிக்காரனுக்கும் பண்ணையாருக்கும் அதில் ஒரே மாதிரி ஒரு வரிதான்.

இலங்கை மலையகம் போனவர்கள்

இங்கே முதலில் கேட்க வேண்டியது, பாட்டன் போனது காப்பிக் காலத்திலா தேயிலைக் காலத்திலா என்பது. காப்பிக்குப் பழம் பறிக்கும் பருவத்தில்தான் அதிக ஆள் வேண்டும். இராமநாதபுரம் கரையிலிருந்து தோணியில் மன்னார் போய், காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து, பருவம் முடிந்ததும் பலர் ஊர் திரும்பினார்கள். வழியில் காலராவிலும் பசியிலும் செத்தவர்களுக்குப் பெயர்ப் பட்டியல் கிடையாது. 1869-இலிருந்து காப்பி இலையில் துரு நோய் விழுந்தது, தேயிலை வந்தது. தேயிலைக்கு வருடம் முழுவதும் கை வேண்டும். அப்போதுதான் பெண்களும் பிள்ளைகளுமாகக் குடும்பத்தோடு லயம் என்ற வரிசை வீடுகளில் தங்கினார்கள். ஆகவே காப்பிக் காலத்துப் பாட்டனின் தடம் ஊர்ப் பக்கம் இருக்கும். தேயிலைக் காலத்துப் பாட்டனின் தடம் தோட்டத்தில் இருக்கும்.

ஆள் சேர்த்தவர் கங்காணி. பெரும்பாலும் அதே ஊர், அதே சாதி, சில சமயம் சொந்தக்காரரே. ஊரிலேயே முன்பணம் கொடுத்து, அந்தக் கடனைத் தலையில் கட்டித்தான் கூட்டிப்போவார். தோட்டம் மாற வேண்டுமானால் இவ்வளவு பாக்கி, அதைக் கட்டினால் விடுவிப்போம் என்று துரை எழுதிக் கொடுக்கும் துண்டு வேண்டும். துண்டு முறை 1921-இல் ஒழிக்கப்பட்டது. பாட்டனின் கங்காணி பெயர் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. அந்தக் கங்காணி கூட்டிப்போன ஆட்கள் எல்லாம் அநேகமாக நான்கைந்து பக்கத்து ஊர்க்காரர்களாக இருப்பார்கள், அவர்களில் ஒரு குடும்பமாவது ஊர்ப் பெயரை மறக்காமல் இருக்கும்.

தோட்ட முதலாளிகள் 1904-இல் திருச்சியில் இலங்கைத் தொழிலாளர் ஆணையம் என்று ஓர் அலுவலகம் வைத்து ஆள் சேர்ப்பை ஒழுங்குபடுத்தினார்கள். மண்டபம் முகாமில் சில நாள் நிறுத்தி வைத்து, அம்மை குத்தி, பிறகு ஏற்றி அனுப்பினார்கள். 1914-இலிருந்து தனுஷ்கோடி - தலைமன்னார் கப்பல் வழி. ஒவ்வொருவர் கையிலும் ஒரு தகர வில்லை இருக்கும், அதில் எழுத்தும் எண்ணும் பொறித்திருக்கும். எந்த மாவட்டம், எந்தத் தோட்டம், எத்தனையாவது ஆள் என்பதுதான் அந்தக் குறி. உங்கள் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் எதற்கென்று தெரியாமல் ஒரு பழைய தகரத் துண்டு கிடந்தால் தூக்கிப் போடாதீர்கள்.

தோட்டத்தில் செக்ரோல்தான் வேதம். பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டு, வேலை முடிந்ததும் ஒரு பேர், அரைப் பேர் என்று போடுவார்கள். மலையகத்தில் "இன்னிக்கு எனக்குப் பேர் விழல" என்றால் அன்றைய கூலி போச்சு என்று அர்த்தம். மாதம் எத்தனை பேர் விழுந்தது, அரிசிக்கு எவ்வளவு பிடித்தார்கள், கையில் எவ்வளவு வந்தது என்பது எல்லாம் செக்ரோலில் இருந்தது. எல்லாத் தோட்டத்திலும் பழைய செக்ரோல் பிழைத்திருக்காது. இருக்கும் தோட்டத்திலும் அலுவலகத்துக்கு நேரே போய்க் கேட்டால் கிடைக்காது. அங்கே வேலை செய்து ஓய்வு பெற்ற கணக்கப்பிள்ளையையோ கிளார்க் ஐயாவையோ முதலில் பிடியுங்கள்.

தோட்டத்துக்கு இரண்டு பெயர் உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள். ஏட்டில் ஸ்காட்லாந்துக்காரன் வைத்த பெயர், லயத்தில் நம் ஆட்கள் வைத்த பெயர். பாட்டி சொல்வது இரண்டாவது. பெர்குசன் என்பவர்கள் வெளியிட்ட பழைய இலங்கை டைரக்டரிகளில் தோட்டம், பரப்பு, துரையின் பெயர் எல்லாம் ஆண்டு வாரியாக இருக்கும். பக்கத்துத் தோட்டம், ஆறு, ரயில் நிலையம் ஆகியவற்றைப் பாட்டியிடம் கேட்டு வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். கொழும்பு தேசிய சுவடிகள் திணைக்களம் பெரிய களஞ்சியம், ஆனால் வீட்டிலிருந்தே தொடங்க விரும்புகிறவர்கள் நூலகம் என்ற ஈழத்து மின்னூலகத்தைத் திறக்கலாம். மலையகம் பற்றிய பழைய இதழ்களும் மலர்களும் அங்கே தமிழிலேயே கிடைக்கும்.

குடியுரிமைப் பறிப்பு ஒரு பெரிய அநியாயம். ஆனால் அந்த அநியாயம் காகிதக் குவியலை விட்டுச் சென்றிருக்கிறது. 1948-ஆம் ஆண்டுச் சட்டம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1949-ஆம் ஆண்டுச் சட்டப்படி விண்ணப்பித்தவர் கல்யாணமானவர் என்றால் 7 வருடமும், இல்லாதவர் 10 வருடமும் தொடர்ந்து இலங்கையில் இருந்ததைக் காட்ட வேண்டும். அதற்காகத் தோட்டத்துச் சான்று, பிள்ளைகளின் பிறப்புப் பதிவு, பள்ளிச் சான்று என்று ஓடி ஓடிச் சேர்த்தார்கள். அந்தக் கட்டு பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்றது. அப்படி வந்தவர்களிடம் குடும்ப அட்டை இருக்கும். அதில் குடும்பத்தில் உள்ள எல்லோர் பெயர், வயது, விட்டு வந்த தோட்டம், இந்தியப் பூர்வீக ஊர் உண்டு. தாயகம் திரும்பியோர் என்ற வகையில் இந்த அட்டையை வைத்துத்தான் வீடும் வேலையும் கடனும் கேட்க முடிந்தது. அதனால் யாரும் தொலைக்கவில்லை. கூடலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் டான்டீ என்ற அரசுத் தேயிலைக் கழகத்தின் தோட்ட லயங்களில் கேட்டுப் பாருங்கள், பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இருக்கும்.

எங்கள் பாட்டி ராகலைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தவள். வழியனுப்ப வந்தவர்களும் போகிறவர்களும் சேர்ந்து அழுத அந்த ரயிலுக்கு மலையகத்தில் ஒப்பாரிக் கோச்சி என்று பெயர். அதைப் பற்றி அவள் பேசியதே இல்லை. அட்டையை மட்டும் எடுத்துக் காட்டுவாள்.

நேட்டால், மொரீசியஸ், பிஜி

உண்மையில் இங்கே போனவர்களைத் தேடுவதுதான் சுலபம். ஒப்பந்தக் கூலி என்பதால் கப்பல் ஏறுமுன்பே ஒவ்வொருவரையும் அங்குலம் அங்குலமாக எழுதினார்கள். தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உயரம், உடம்பில் உள்ள தழும்பு, மச்சம், பச்சை எல்லாம் இருக்கும். பாட்டனின் இடது கன்னத்தில் அம்மைத் தழும்பு இருந்தது என்று 1880-களின் காகிதத்தில் படிக்கும்போது கொஞ்சம் கிறுகிறுக்கும்.

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போன முதல் கப்பலான ட்ரூரோ 1860 அக்டோபர் 12 அன்று சென்னையிலிருந்து கிளம்பி நவம்பர் 16 அன்று டர்பனில் 342 பேரை இறக்கியது. 1911 வரை நேட்டாலுக்குப் போனவர்கள் 1,52,184 பேர். பெரும்பகுதி சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண் கொடுத்தார்கள். கப்பல் பட்டியல் கணினியில் ஏற்றப்பட்டுவிட்டது, குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வழி தேடலாம். பெயரை வைத்துத் தேடினால் ஒரே பெயரில் நூறு பேர் வருவார்கள். பாட்டனின் கல்யாணப் பதிவிலோ பிள்ளைகளின் பிறப்புப் பதிவிலோ அந்த எண் இருந்தால் ஒரே தேடலில் கிடைத்துவிடும். எண் கிடைத்த பிறகு, குடியேறிகளின் பாதுகாவலர் அலுவலகக் கோப்புகளைப் பாருங்கள். துரை அடித்தான், ரேஷன் குறைத்தான், மனைவியைப் பிரித்தான் என்று கொடுத்த புகார்கள் அதில் உள்ளன. எழுதத் தெரியாதவரின் பேச்சு, மொழிபெயர்ப்பாளர் வழியாகத்தான் என்றாலும், அந்தக் காகிதத்தில்தான் இருக்கிறது. 1895-இல் ஒப்பந்தம் முடிந்தும் தங்கியவர்கள் மீது 3 பவுன் தலைவரி போட்டார்கள், 1913 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு 1914-இல் அது போனது. உங்கள் பாட்டன் ஒரு ஒப்பந்தம் முடித்து இன்னொன்றில் கைநாட்டு வைத்திருந்தால் காரணம் இந்த வரியாக இருக்கலாம்.

மொரீசியஸ் என்றால் மொகாவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனம். குடியேறிகளின் பதிவேடுகள் அங்கேதான் இருக்கின்றன, புகைப்படம் உட்பட. கூலிகள் ஏறி வந்த படிகளை போர்ட் லூயிஸில் ஆப்ரவாசி காட் என்ற இடத்தில் இன்றும் பார்க்கலாம். பிஜிக்குச் சென்னையிலிருந்து கப்பல் போனது 1903 முதல்தான். அதற்கு முன் கல்கத்தாதான். எனவே 1903-க்கு முன் பிஜி போன தமிழ்ப் பாட்டன் என்று யாராவது சொன்னால் ஒருமுறைக்கு இருமுறை விசாரியுங்கள்.

இந்தப் பட்டியல்களில் உள்ள சாதிக் கட்டத்தை வேத வாக்காக எடுக்காதீர்கள். எழுத்தருக்குப் புரிந்தது ஒன்று, ஆள் சேர்ப்பவன் சொல்லச் சொன்னது ஒன்று, கப்பல் ஏறியதோடு பழைய அடையாளத்தை உதறியவர் சொன்னது வேறொன்று.

மலாயா, பர்மா

மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலி 1910-இல் நின்றது. கங்காணி வழியாகப் போவது 1938-இல் இந்திய அரசு தடுக்கும் வரை நடந்தது. ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் முகாம், அங்கிருந்து பினாங்கு. ரஜுலா கப்பலில் வந்தோம் என்று பெரியவர்கள் சொன்னால் அது 1926-க்குப் பிறகு. மலேசிய அடையாள அட்டையில் தகப்பன் பெயர் இருப்பதால் ஒரு தலைமுறை எளிதாக ஏறலாம். குடியுரிமை கிடைக்காமல் சிவப்பு அட்டைக்காரராகவே செத்துப்போனவர் என்றால் அவருடைய குடிநுழைவுக் காகிதம் எங்காவது இருக்க வேண்டும். தோட்டத் தமிழ்ப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டையும் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா நோட்டீஸ்களையும் விடாதீர்கள். தோட்டம் துண்டு போட்டு விற்கப்பட்டு வீடமைப்புப் பகுதி ஆகியிருந்தாலும் கோயில் எங்காவது நகர்ந்து நின்றுகொண்டிருக்கும்.

"சயாமுக்குப் போனார், திரும்பல" என்பது பல மலாயா வீடுகளில் கடைசி வரி. 1942-43-இல் ஜப்பானியர் போட்ட சயாம் - பர்மா ரயில் பாதைக்குப் பால்மரத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் தமிழர்களைக் கொண்டுபோனார்கள். போர்க் கைதிகளுக்குக் கல்லறை வரிசை இருக்கிறது. நம் ஆட்களுக்குப் பெயர் பொறித்த கல் தேடினால் கிடைக்காது. யாரோடு போனார், யார் மட்டும் திரும்பி வந்தார் என்று கேட்பதுதான் ஒரே வழி.

பர்மா இன்னும் கஷ்டம். 1942-இல் நடந்தே வந்தவர்கள் கையில் ஒன்றும் கொண்டுவரவில்லை. 1960-களில் வந்தவர்களிடம் கொஞ்சம் காகிதம் இருக்கும். பர்மா காலனி என்று பெயர் உள்ள இடங்களில் விசாரிப்பதைத் தவிர எனக்கு வேறு குறுக்கு வழி தெரியவில்லை.

கடல் தாண்டாதவர்கள்

பெரம்பூர் பின்னி ஆலை, மதுரை ஹார்வி மில், பொன்மலை ரயில்வே பணிமனை, கோலார் தங்கவயல், வால்பாறைத் தோட்டம் என்று உள்ளூரிலேயே தேய்ந்தவர்கள் பாதிப் பேர். இவர்களுக்குச் சேமநிதியும் சங்கமும்தான் பதிவேடு. சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918-இலேயே தொடங்கியது. பின்னியில் 1921-இல் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் நடந்தது. பாட்டன் அப்போது வேலையில் இருந்திருந்தால் அந்த மாதங்களில் வீட்டில் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டுப் பாருங்கள். ரயில்வேக்காரர் என்றால் அதிர்ஷ்டம், பென்ஷன் கோப்பு இருக்கக்கூடும்.

அவர்கள் வாழ்ந்த விதம்

பெயரும் தேதியும் கிடைத்ததோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அதற்குப் பிறகுதான் தேடலே சூடு பிடித்தது. 10 அடிக்கு 12 அடி லயத்துக் காம்பரா என்று ஏட்டில் படிப்பது ஒன்று. அதை வீட்டுத் தரையில் சாக்பீஸால் வரைந்து, அடுப்பு, தூளி, விறகு, ஏழு பேர் படுக்கை எல்லாவற்றையும் அதற்குள் வைத்துப் பார்ப்பது வேறு. செய்து பாருங்கள்.

கூலியை அரிசியாக மாற்றிப் பாருங்கள். 1929-இல் இலங்கையில் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது மலைநாட்டில் நாளொன்றுக்கு ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, பிள்ளைக்கு 32. பிள்ளைக்கும் விகிதம் போட்டிருந்தார்கள் என்பதிலேயே பாதிக் கதை இருக்கிறது. நேட்டாலில் ஆரம்ப காலத்தில் முதல் வருடம் மாதம் 10 ஷில்லிங், பிறகு வருடத்துக்கு ஒரு ஷில்லிங் ஏற்றம். இந்தக் கூலியில் அன்றைக்கு எத்தனை படி அரிசி வாங்கலாம், பிடித்தம் போக ஊருக்கு மணியார்டர் போட மிச்சம் இருந்ததா என்று கணக்குப் போடுங்கள்.

இதற்கு வேண்டிய விவரம் அரசு அறிக்கைகளில் இருக்கிறது. 1922-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்துக்குப் பிறகு இந்திய அரசு இலங்கையிலும் மலாயாவிலும் ஏஜென்டுகளை வைத்தது. அவர்களின் ஆண்டறிக்கைகளில் கூலி, அரிசி விலை, பிள்ளைச் சாவு, பள்ளி எல்லாம் வரும். இந்திய ஆலை, தோட்டத் தொழிலாளர்களுக்கு அவர்கள் நிலையை விசாரித்த 1929-31 விட்லி ஆணையத்தின் அறிக்கையும் சாட்சியத் தொகுதிகளும். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும், தேசிய ஆவணக் காப்பகத்தின் அபிலேக் படல் தளத்திலும் குடிபெயர்வுக் கோப்புகள் உண்டு. தரமணி ரோஜா முத்தையா நூலகத்தில் அந்தக் காலத்துத் தமிழ் இதழ்கள். ஒன்று மட்டும் எச்சரிக்கையாகச் சொல்கிறேன். இந்த அறிக்கைகள் அதிகாரிகள் எழுதியவை. "கூலிகள் மகிழ்ச்சியாகக் காணப்பட்டனர்" என்று வாசித்தால், துரை பக்கத்தில் நின்றாரா என்று உங்களுக்குள் கேட்டுக்கொள்ளுங்கள்.

வேலையின் சொற்களைச் சேருங்கள். கவ்வாத்து, கான் வெட்டு, முள்ளுக் குத்து, கொந்தரப்பு, கைக்காசு, கொழுந்து மடுவம், பிள்ளைக் காம்பரா. ஒவ்வொரு சொல்லுக்கும் "அதைச் செய்யும்போது கை எங்கே வலிக்கும்?" என்று கேளுங்கள். எங்கள் பாட்டி விரல்களை விரித்துக் காட்டினாள். ஆள்காட்டி விரலில் கறுப்பாக ஒரு கோடு, ஓய்வு பெற்று இருபது வருடம் ஆகியும் போகவில்லை.

சங்கடமானவை வரும்போது

வரத்தான் செய்யும். ஊரில் ஒரு குடும்பம், தோட்டத்தில் ஒரு குடும்பம். கங்காணியாக இருந்து ஆட்களை ஏமாற்றிய தாத்தா. கப்பலில் பிறந்து கப்பலிலேயே இறந்த குழந்தை. சாதி மாற்றிச் சொன்னது. போலீஸ் பதிவில் மட்டும் கிடைக்கும் பெயர். இதை எல்லாம் கல்யாண வீட்டில் எல்லோர் முன்னிலையிலும் போட்டு உடைக்காதீர்கள். உயிரோடு இருப்பவரைப் பாதிக்கும் விஷயத்தை அவரிடம் தனியே கேட்டு, அவர் வேண்டாம் என்றால் உங்கள் நோட்டில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் எழுதாமல் விடாதீர்கள்.

மரபணுச் சோதனை செய்யலாமா என்று கேட்பார்கள். வெளிநாட்டுக் கிளையில் தூரத்து உறவு கண்டுபிடிக்கக் கொஞ்சம் உதவும். ஊர்ப் பக்கம் சோதனை செய்துகொண்டவர்களே குறைவு என்பதால் ஊரைக் காட்டாது. அந்தக் காசில் இரண்டு பஸ் பயணம் போகலாம்.

எழுதும்போது ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில் யார் சொன்னது, எந்தக் காகிதம் என்று போடுங்கள். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். எனக்கே அப்படித்தான் நடந்தது. பாட்டி வீட்டுக் குடும்ப அட்டையில் பூர்வீகம் முசிறி தாலுகா என்று இருந்தது. பெரியப்பா துறையூர் என்று சாதித்தார். இருவரும் சரி. பழைய முசிறி தாலுகாவுக்குள்தான் துறையூரும் இருந்திருக்கிறது.

அந்தப் பக்கம் போய் குலதெய்வத்தைச் சொல்லி விசாரித்தேன். மூன்றாவது ஊரில் ஒரு டீக்கடைக்காரர் கோயில் கணக்குப் பார்க்கும் பெரியவர் வீட்டைக் காட்டினார். வரி நோட்டு இருந்தது. பழைய நோட்டைப் பார்த்துப் புது நோட்டில், அதையும் பார்த்து இன்னொன்றில் என்று மூன்று கை மாறியது. என் பூட்டன் பெயர் தகப்பன் பெயரோடு இருந்தது. எதிரே ஒரே வரி: கண்டிக்குப் போய்விட்டார், வரி பாக்கி ஒண்ணேகால் ரூபாய்.

பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வட்டி வேண்டாம் தம்பி" என்றார். கட்டிவிட்டு ரசீது வாங்கிக்கொண்டேன்.